மணிக்கட்டு வரை

டப்பா இருந்தது. ஆனால் அவள் வைத்த இடத்தில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது.

பூங்காவின் கோடியில் நிற்கும் பழைய பம்ப் அறையின் பின்சுவரில், இடுப்புக்குச் சற்றுக் கீழே, முன்பு தண்ணீர்க் குழாய் வெளியே வந்த ஓட்டை ஒன்று இருக்கிறது. குழாயைப் பிடுங்கியவர்கள் உள்பக்கத்தைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டுப் போனதில், வெளிப்பக்கம் ஒரு சின்ன மாடம் போல ஆகிவிட்டது. அந்த மாடத்தின் வாயோரமாகத்தான் அவள் டப்பாவை வைத்திருந்தாள். நாலு விரலை நீட்டினால் கைக்கு வந்துவிடும். இன்று மணிக்கட்டு வரை உள்ளே விட வேண்டியிருந்தது. தேடி வந்த யாரோ திருப்பி வைக்கும்போது அழுத்தித் தள்ளியிருப்பார்கள் என்று நினைத்து, பழையபடி இழுத்து வைத்துவிட்டு வந்தாள். வீடு வரும்வரை விரல் நுனியில் ஒரு வாசம் ஒட்டிக்கொண்டே வந்தது. ஈரச் சிமெண்ட் வாசம் இல்லை. தூங்கி எழுந்தவர் வாயின் வாசம்.

இது ஒரு விளையாட்டுதான். ஜியோகேச்சிங் என்பார்கள். ஒருவர் சின்ன டப்பா ஒன்றை ஊருக்குள் எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களைச் செயலியில் போடுவார். முன்பின் தெரியாதவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடி வருவார்கள். டப்பாவுக்குள் கோலிக்குண்டு, சாவிக்கொத்து, பொம்மைக் கார் என்று ஏதாவது கிடக்கும். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றை எடுத்தால், அதற்குச் சமமான ஒன்றை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த விளையாட்டு இத்தனை பேரிடம் ஓடிக்கொண்டிருப்பதே அந்த ஒரு விதியால்தான்.

ஒளிப்பதிலும் ஒழுங்கு உண்டு. மண்ணைத் தோண்டக் கூடாது. செங்கல்லைப் பெயர்க்கக் கூடாது. ரயில் பாதை, மின்கம்பம், பள்ளிச் சுவர் பக்கம் போகவே கூடாது. இடத்துக்கு உரியவரிடம் வாய்விட்டுக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். இவற்றோடு அவள் தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள்: மணிக்கட்டுக்கு மேல் உள்ளே போகிற பொந்து எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் அவள். தெரியாத பொந்துக்குள் கைவிட்டவர்களின் எலும்புகளை நாள்தோறும் பார்க்கிறவள். எக்ஸ்ரே படத்தைப் புரட்டிப் பிடித்தால் இடது கை வலது கையாகிவிடும் என்பதால், ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் இடதா வலதா என்று காட்டும் ஈய எழுத்து ஒன்றை வைத்துத்தான் எடுப்பாள். அந்தப் பழக்கத்தில், யாரோடு கை குலுக்கினாலும் அவள் கட்டைவிரல் தானாகவே அந்தக் கையின் எலும்புகளைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். வீட்டில் அதற்குக் கேலி வேறு. "கைய புடிச்சா காதல்னு நெனைச்சேன், இவ செக்கப் பண்றா" என்பான் கணவன். அவன் வெளியூர் பஸ் ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான்.

அந்த மாடத்தையும் டார்ச் அடித்து, ஸ்கேல் விட்டு அளந்துதான் தேர்ந்தெடுத்தாள். முடிவில் சொரசொரப்பான சிமெண்ட். பூச்சி இல்லை, கம்பி இல்லை. பூங்காக் காவலாளியிடம் கேட்டபோது அவர் சிரித்தார்.

"டப்பா வெக்கறதுக்கு பர்மிஷன் கேட்ட மொத ஆளு நீங்கதாம்மா. அதிகாரிகிட்ட கேட்டேன், வெச்சுக்கச் சொல்லிட்டாரு."

"உங்களுக்கும் சம்மதம்தானே?"

"எனக்கென்ன? நானா அதுக்குள்ள குடியிருக்கேன்?"

அவளும் சிரித்தாள்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், வார்டு நர்ஸ் எக்ஸ்ரே அறைக்குள் தலையை நீட்டினாள். போன மாதம்தான் இந்த விளையாட்டில் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, உங்க டப்பாவ எடுத்துட்டேன்! சாவிக்கொத்த எடுத்துக்கிட்டு, சாவிக்கொத்தே வெச்சுட்டேன். கணக்கு நேர். ஆனா முழங்கை வரைக்கும் விட வெச்சுட்டீங்களே, இது நியாயமா?"

"முழங்கையா? அதுக்கு அவ்வளவு ஆழம் கிடையாதேடி."

"என் கை குட்டைன்னு சொல்றீங்களா? அது கெடக்கட்டும், ஆளு வெச்சிருக்கறத சொல்லவே இல்லையே. நான் துழாவிட்டே இருக்கேன், உள்ள இருந்து டப்பாவ அப்படியே என் கையில குடுத்தாரு பாருங்க, எனக்கு உசுரே போயிருச்சு." நர்ஸ் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் இயந்திரத்தின் மேல் கை வைத்தபடி நின்றாள். மாடத்தின் முடிவில் சிமெண்ட். அதற்குப் பின்னால் பூட்டிய அறை. ஆள் எங்கிருந்து வருவான்?

அன்று சாயங்காலம் மகள் பள்ளியிலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். ஏழு வயது. வீட்டில் வாண்டு என்றுதான் பெயர். "அம்மா, நாளைக்கு மிஸ் எங்க கிளாஸ் ஃபுல்லா உன் டப்பாவ தேடக் கூட்டிட்டுப் போறாங்க. நாந்தான் மொதல்ல கைவிடுவேன். எனக்குத்தானே எடம் தெரியும்!"

ஒரு வகுப்புப் பிள்ளைகள். அத்தனை சின்னக் கைகள். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். டப்பாவை எடுத்துவிட்டால் தேட ஒன்றும் இருக்காது. கணவன் பஸ்ஸில், வாண்டுவை விட்டுவிட்டு வர ஆளில்லை. பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினாள்.

பூங்காவில் வெளிச்சம் தரையோரமாக வடிந்துகொண்டிருந்தது. ஊஞ்சல் சங்கிலிகள் காற்றில்லாமலே ஒருதரம் கிறீச்சிட்டு ஓய்ந்தன. எங்கோ ஒரு தெளிப்பான் தண்ணீரை விசிறிவிட்டு நிற்பதும், மறுபடி விசிறுவதுமாக இருந்தது. வெட்டிய புல்லின் பச்சை வாசம் பம்ப் அறையை நெருங்க நெருங்க மங்கி, அதற்கடியிலிருந்து அந்த வெதுவெதுப்பான இன்னொரு வாசம் மெல்ல மேலேறி வந்தது.

"வண்டிய விட்டு இறங்கக் கூடாது. சரியா?"

"சரிம்மா."

காவலாளி முணுமுணுத்துக்கொண்டே பம்ப் அறையைத் திறந்துவிட்டார். "பெருச்சாளியா இருக்கும்மா. இதுக்கெல்லாமா பயப்படுறது?" உள்ளே துருப்பிடித்த மோட்டார், சாக்குகள், சிலந்திவலை. பின்சுவரில் டார்ச் அடித்தாள். வழவழவென்று பூசிய சுவர். விரிசல்கூட இல்லை. கதவு நிலையைப் பார்த்தாலே சுவரின் கனம் தெரிந்தது. ஒரு சாண் இருந்தால் அதிகம். அதற்குள் முழங்கை எப்படிப் போகும்? உள்ளங்கையைச் சுவரில் பதித்து நகர்த்திக்கொண்டே போனாள். சில்லென்றிருந்தது. சில்லென்றிருந்தது. ஓர் இடத்தில் மட்டும் கதகதப்பாக இருந்தது, கொஞ்ச நேரம் முன்பு வரை அந்தப் பக்கம் யாரோ சாய்ந்திருந்ததைப் போல.

காவலாளி பூட்டிக்கொண்டு தன் காவல் கூண்டுக்குப் போனார். அவள் பின்பக்கம் வந்து, மாடத்தின் முன் குந்தி, டார்ச்சை உள்ளே காட்டினாள்.

வெளிச்சம் போனது. போய்க்கொண்டே இருந்தது. முடிவில் தெரிய வேண்டிய சிமெண்ட் இல்லை. இரண்டு பக்கமும் ஈரமாக மினுங்குகிற ஏதோ ஒன்று, அதற்கு அப்பால், தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்து, அவளுடைய டப்பா. அதன் மேல் அவளே ஒட்டிய மஞ்சள் தாள்.

கையை உள்ளே விட மாட்டாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஸ்கூட்டரில் மாட்டியிருந்த குடையைக் கொண்டுவந்து, வளைந்த பிடியை முன்னால் நீட்டி, உள்ளே செலுத்தினாள். பிடி எதிலோ மாட்டியது. இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுப்பதற்குள் குடை அவள் கையிலிருந்து போனது. பிடுங்கவில்லை. நீட்டிய பொருளை மரியாதையாக வாங்கிக்கொள்வதுபோல, மெதுவாக, வாங்கிக்கொண்டது.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே ஓர் ஒலி. தட்டைத் தரையோடு தள்ளிக்கொண்டு வருவதுபோல. சர்ர்ர். நிறுத்தம். சர்ர்ர். இன்னும் பக்கத்தில்.

மாடத்தின் வாயோரம் டப்பா வந்து நின்றது. அவள் முதல் நாள் வைத்த அதே இடத்தில்.

இரண்டு விரலால் கவ்வினாள். ஓடினாள்.

ஸ்கூட்டரின் முன்பெட்டியில் டப்பாவைப் போட்டு மூடினாள். வாண்டு எட்டிப் பார்த்தாள்.

"டப்பாவையே எடுத்துட்டியாம்மா?"

"ஆமாடா கண்ணு. இனிமே அங்க டப்பா கிடையாது."

"அப்போ அங்க என்ன வெச்ச?"

"ஒண்ணும் வைக்கல. உக்காரு, இந்தா வந்துடறேன்."

அந்த ஓட்டையை இன்றைக்கே அடைக்கச் சொல்ல வேண்டும். கூண்டு கூப்பிடு தூரம்தான். காவலாளி தலையைச் சொறிந்தார். "நாளைக்குக் காலையில பிள்ளைங்க வரதுக்குள்ள சிமெண்ட் பூசிடறேம்மா. போதுமா?"

போதும் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாண்டுவின் கேள்வி காதில் திரும்பக் கேட்டது. அப்போ அங்க என்ன வெச்ச? அவள்தான் அந்த விதியைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தாள். போன மாதம் ஒரு கோலிக்குண்டைச் சும்மா எடுத்து வந்ததற்காக, அவ்வளவு தூரம் திரும்ப அழைத்துப்போய் ஒரு பம்பரத்தை வைக்க வைத்தவளும் அவள்தான்.

திரும்பிப் பார்த்தாள். ஸ்கூட்டர் நின்றது. இருக்கை காலி.

ஓடினாள்.

சுவரோடு சுவராக வாண்டு. கன்னம் செங்கல்லில். வலது கை, தோள் வரை, உள்ளே.

சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யாரோ கை குடுக்கறாங்க."

இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தாள். எந்தத் தடையும் இல்லை. கை வழுக்கிக்கொண்டு வந்தது. முழுதாக வந்தது. ரத்தம் இல்லை. கீறல் இல்லை. இருட்டில் தடவி எண்ணினாள். ஐந்து விரலும் இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு விளக்குக் கம்பத்தை நோக்கி நடந்தாள்.

"இறங்கக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

"நீதானேம்மா சொன்ன, எடுத்தா வைக்கணும்னு. என் கிளிப்ப வெச்சேன். வேணாமாம். சமமா இல்லையாம்."

"யாரு சொன்னா?"

வாண்டு தூக்கம் வந்தவள்போலக் கொட்டாவி விட்டாள்.

விளக்கு வந்துவிட்டது. அவள் கட்டைவிரல், பழக்கதோஷத்தில், பிடித்திருந்த சின்னக் கையின் எலும்புகளைத் தடவிப் பார்த்தது. மணிக்கட்டு. உள்ளங்கை. சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடம்.

அங்கே கட்டைவிரல் இருந்தது.

நின்றாள். குனிந்தாள். வாண்டுவின் இடது கை பாவாடையைக் கசக்கிக்கொண்டிருந்தது. பேனா மை, கடித்த நகம். வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். எப்படிப் புரட்டினாலும் ஒன்றுதான். சுத்தமான, சின்ன, வெதுவெதுப்பான கை. கடிக்காத நகங்கள். மணிக்கட்டில் மயிர்க்கோடு போல ஒரு வளையம். அதற்குக் கீழே, வலது கையின் முடிவில், ஓர் இடது கை.

அதன் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி, அவள் மணிக்கட்டைச் சுற்றி இறுகின.

"விடும்மா" என்றாள் அவள். "கைய விடுடா கண்ணு."

வாண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"நான் புடிக்கலம்மா."

பின்னால், இருட்டில், பம்ப் அறைச் சுவரின் மாடத்து வாயோரத்தில், பேனா மை படிந்த, நகம் கடித்த ஒரு சின்ன வலது கை வெளியே நீண்டு, விரல்களை விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தது.