விரிசல் காட்டும் விளக்கு

போன் அலறியது!

துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தவள் எடுத்தாள்.

"அம்மாடி... அண்ணன் பேசறேன். மனசத் தேத்திக்க. பட்டறைல ஒரு சின்ன விபத்து..."

"அவருக்கு என்னாச்சு அண்ணா?"

"உசுரு போயிடுச்சும்மா!"

சின்ன விபத்து!

டீசல் எஞ்சின்களைப் பிரித்துப் பழுது பார்க்கும் பட்டறை அது. அவள் போய்ச் சேர்ந்தபோது, எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் கொட்டகையில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தான் அவள் கணவன்.

பக்கத்தில் லாரி எஞ்சின். விலாவில் ஒரு ஓட்டை. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு, ஓடும்போதே உடைந்து, இரும்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு பாய்ந்திருந்தது.

இரும்போடு நிற்கவில்லை. மார்பையும் துளைத்திருந்தது.

மேலே பலகை: 'பாதுகாப்பே எங்கள் மூச்சு!'

மூச்சு நின்றுபோனவனுக்கு நேர் மேலே அது ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

முதலாளி வாசலிலேயே நின்றார். கணவனுடைய அக்கா புருஷன்; போனில் 'அண்ணன்' என்று பேசியவரும் அவர்தான். வெள்ளைச் சட்டை. கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றியபடி போலீஸ் அதிகாரியிடம் பொரிந்தார்.

"ராடுல விரிசல் இருக்கான்னு பார்க்கறதுதான் சார் இவன் வேலை. பார்க்காமலே பாஸ் பண்ணிட்டான்! செத்தவனக் குத்தம் சொல்லக் கூடாது. இருந்தாலும் உண்மைன்னு ஒண்ணு இருக்கே..."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வீட்ல சார். இன்னிக்கு இவன் மூஞ்சியக்கூடப் பார்க்கல. போன் வந்துது, ஓடி வந்தேன். காலைல இஸ்திரி போட்டு மாட்டின சட்டை... பாருங்க, மடிப்புகூடக் கலையல!"

அதிகாரி போர்மேன் பக்கம் திரும்பினார். பட்டறையில் அவனுக்குப் பெயர் ஆமாஞ்சாமி.

"அப்படியாய்யா?"

"ஆமா சார்!"

"பார்க்காமத்தான் பாஸ் பண்ணினாரா?"

"ஆமா சார்!"

"பொய்!"

அவள் குரல்.

"அம்மாடி, முதல்ல அழுது முடி. அப்புறம் பேசலாம்."

"அழுகை எங்கயும் ஓடிடாது அண்ணா. உண்மைதான் ஓடிடும்." அதிகாரியிடம் திரும்பினாள். "சார், ராடுக்குக் காந்தம் ஏத்தி, ஒரு மருந்துத் தண்ணிய ஊத்துவாங்க. அதுல இருக்கற பொடி விரிசல்ல போய் ஒட்டிக்கும். ஊதா விளக்குல பச்சையா ஜொலிக்கும். கையிலயும் ஒட்டும். சும்மா பார்த்தா தெரியாது."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க கல்லாவுல கள்ள நோட்டு பார்க்கற விளக்கு இருக்கு சார். சாயங்காலம் வந்து அதுல கைய நீட்டுவார். 'நல்லாப் பாத்துக்கோடி, நான் நல்ல நோட்டா?'ம்பார்..."

ஷட்டரை இறக்கச் சொல்லிக் கை காட்டினாள்.

ஷட்டர் இறங்கியது. சோதனை அறையிலிருந்து ஊதா விளக்கு வந்தது. தார்ப்பாயை விலக்கினார் அதிகாரி.

மணிக்கட்டு வரை பச்சை!

"வேலை பார்த்த கைதான்யா இது!"

"என் கையயும் பாருங்க சார்!" முதலாளி பாய்ந்து வந்தார். விளக்கடியில் இரண்டு கைகளையும் விரித்தார். "அந்த ராட நான் தொட்டதே இல்ல!"

சுத்தம்! ஒரு பொட்டுப் பச்சை இல்லை!

"திருப்திதானே தங்கச்சி?" வெற்றிப் புன்னகையோடு அவள் பக்கம் திரும்பினார்.

அதிகாரியின் விசில் இருட்டைக் கிழித்தது.

முதலாளியின் முதுகில்... இரண்டு உள்ளங்கைகள்!

பச்சைப் பசேலென்று... விரல்கள் மேல்நோக்கி!

"எ... என்ன சார்?"

அவள் கிட்டே போனாள். பதிந்திருந்த வலது சுண்டுவிரல் பாதிதான் இருந்தது. தார்ப்பாய்க்கடியில் கிடந்த கையிலும் பாதிதான்.

"இழுத்த கை இல்ல சார் இது," என்றாள். "தள்ளின கை."

"முதலாளி இங்கதான் இருந்தாரா?" அதிகாரி உறுமினார்.

"ஆமா சார்!" ஆமாஞ்சாமி வாழ்க்கையில் முதல்முறையாக உண்மைக்கு ஆமாம் போட்டான். "நேத்தே விரிசல்னு செத்துப்போன அண்ணன் அந்த ராட ஒதுக்கிட்டார் சார். காலைல கழிச்சுப் போட்டதுலேருந்து முதலாளியே தன் கையால எடுத்துக் குடுத்து மாட்டச் சொன்னார். வண்டி அவசரமாம். பக்கத்துல நின்னு ஓட்டவும் சொன்னார். டங்கு டங்குன்னு தட்டற சத்தம்... வேற ராடு பார்த்துக்கிட்டிருந்த ஈரக் கையோட அண்ணன் ஓடி வந்து இவரத் தள்ளிவிட்டார். ராடு அவர..."



முதலாளி தரையில் சரிந்தார்.

"மூணு தரம்... சோப்பு போட்டுக் கழுவினேனே..."

விலங்கு கிளிக்கென்றது.

அவள் குனிந்து பார்த்தாள்.

"கைய நல்லாத்தான் கழுவியிருக்கீங்க அண்ணா. முதுகு தேய்க்கத்தான் ஒரு ஆள் வேணும்... இருந்த ஒரே ஆளையும் கொன்னுட்டீங்களே!"