வெற்றிலைக் கறை வரைந்த பல்

"பல்லு எப்படி உடைஞ்சுது பவுனு?"

"கிணத்தடியில வழுக்கிட்டேன் டாக்டரம்மா."

"போன தடவையும் கிணத்தடின்னுதானே சொன்னே?"

"இன்னா பண்றது... அந்தக் கிணத்துக்கு என் மூஞ்சி மேலதான் ஆசை!"

இருவரும் சிரித்தார்கள்.

அன்றைய சிரிப்பு இன்று டாக்டர் கரீமாவின் காதில் அறைந்தது.

காரணம்... மேஜை மேல் இருந்த தீப்பெட்டி!

தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சின் மேல்... உடைந்த முன்பல் துண்டு!

"தசரதன் படகுல கிடைச்சுது" என்றார் இன்ஸ்பெக்டர் சம்பந்தம். "அடிப்பலகை இடுக்குல."

"எந்த தசரதன்? கோட்டைக்குப்பத்து..."

"அவனேதான். முகத்துவாரத்துக்கிட்ட பொணமா ஒதுங்கினான். பின்மண்டை பொளந்து, மூஞ்சியை நண்டு தின்னு... வேணாம் மேடம். நீங்க இப்பதான் டிபன் சாப்பிட்டிருப்பீங்க."

கரீமா தீப்பெட்டியை அருகே இழுத்தாள்.

தசரதன்... பவுனம்மாளின் புருஷன்!

"இது நிஜப் பல்லா, செஞ்சு ஒட்டினதா? பழவேற்காட்டுக்கு இருக்கிறது நீங்க ஒரே பல் டாக்டர். நீங்கதான் சொல்லணும்."

கரீமா பூதக்கண்ணாடியை எடுத்தாள். தேவையே இல்லை. கண்ணாடி இல்லாமலே தெரிந்தது.

அவள் கை வேலை!

உடைந்த பல்லின் முனையில் ஆசிட் தடவி, பசை மாதிரி இருக்கும் காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தது. எண்பத்தாறாம் வருஷத்துப் புதுச் சரக்கு. மெட்ராஸில் வாங்கி வந்த அந்த விளக்கை முதன்முதலில் பவுனம்மாளுக்குத்தான் பிடித்தாள்.

பல் பளீரென்று வந்தது. ஆனால் கண்ணாடியைப் பார்த்த பவுனம்மாள் பயந்து போனாள்.

"இம்மாம் வெள்ளையா இருந்தா ஊரே கேக்குமே டாக்டரம்மா!"

வெற்றிலை போடுகிற வாய். மற்ற பல்லெல்லாம் பழுப்பு. கரீமா மெல்லிய தூரிகையை எடுத்தாள். பல்லின் ஓரத்தில் வெற்றிலைக் கறையை வரைந்தாள். அப்படி ஒரு பொருத்தம்! அன்று முழுவதும் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊர் கேட்கவில்லை.

கரீமாவும் கேட்கவில்லை. அடுத்த தடவை உடைந்து வந்தபோதும்... அதற்கடுத்த தடவையும்.

"இன்னா மேடம், இவ்ளோ நேரம்?"

கரீமாவின் மூளை ஓடியது.

இந்தக் குப்பங்களில் மீன் பிடிக்கிற படகில் பொம்பளை கால் வைக்க மாட்டாள். வைத்தால் மீன் படாது என்பார்கள். அப்படியிருக்க பவுனம்மாளின் பல் படகில் கிடந்தால்... அவள் அங்கே இருந்திருக்கிறாள்! அதற்கு ஒரே அர்த்தம்தான்.

தூக்குக் கயிறு!

"நிஜப் பல்தான் சார்."

"நல்லா பாருங்க."

"பார்த்துட்டேன். ஓரத்துல வெத்தலைக் கறை தெரியுதா? நாங்க செய்யற பல்லுல கறை ஏது?"

"அப்ப நீங்க வெச்சது இல்லே?"

"இல்லே."

"கோர்ட்ல சொல்வீங்களா?"

"சொல்வேன்."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. கரீமா மூச்சு விட்டாள். இந்த ஒரு தடவையாவது பவுனைக் காப்பாற்றியாயிற்று!

சம்பந்தம் தீப்பெட்டியை மூடினார்.

"ச்சே! நான் அவளை நம்பிட்டேன் மேடம்."

"யாரை?"

"பவுனம்மாளைத்தான். பொணம் ஒதுங்கினதும் அவளே ஸ்டேஷனுக்கு வந்துட்டா."

கரீமா எழுந்தே விட்டாள்.

"குடிச்சுட்டு மயிரைப் புடிச்சு இழுத்துப் படகுல ஏத்தினானாம். உன்னை முகத்துவாரத்துல தள்ளிட்டா தண்ணி இழுத்துனு போயிடும், கேக்க ஆளில்லைன்னானாம். குத்தினான், பல்லு தெறிச்சுது. அடுத்த குத்துக்குக் கையை ஓங்கினான், கழியால தள்ளினேன், விளிம்புல மண்டை மோதி வுழுந்தான்... இது அவ சொல்றது. 'தெறிச்ச பல்லு படகுல கிடக்கும் சார், டாக்டரம்மா வெச்சது, அவங்க பார்த்தா சொல்வாங்க'ன்னா. முன்கூட்டியே சொன்னா சாட்சி கெட்டுடும்னுதான் உங்ககிட்ட மறைச்சேன்."

"சார், அது வந்து..."

"நிஜப் பல்லுன்னுட்டீங்களே! செத்தவனுக்கும் முன்பல் உடைஞ்சிருக்கு. அப்ப இது அவனோடது. இவ பல்லு எப்பவோ போன பல்லு. அடிச்சான்கிறதெல்லாம் கதை. பின்னாலேருந்து போட்டிருக்கா... திட்டம் போட்ட கொலை!"

கரீமாவுக்கு இப்போதுதான் புரிந்தது.

பவுனம்மாளிடம் இருந்தது ஒரே ஒரு ஆதாரம். அதன் மேலும் கரீமாவே கறை வரைந்து மறைத்துவிட்டாள்!

"யோவ் ஏட்டு! ஜீப்லேர்ந்து அவளைக் கூட்டினு வாய்யா!"

பவுனம்மாள் வந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

"சொல்லிட்டாங்களா சார்?"

"சொல்லிட்டாங்க. நிஜப் பல்லாம்!"

முந்தானை நழுவியது. முன்பல் இருந்த இடத்தில் மொட்டையாய் ஒரு முனை.

அவள் கரீமாவைப் பார்த்தாள். கோபம் இல்லை. அதுதான் கரீமாவைக் கொன்றது.

"என்னைக் காப்பாத்தறதா நெனச்சு சொல்லிட்டீங்களா டாக்டரம்மா?"

கரீமாவின் கண் நிறைந்தது.

"ஒவ்வொரு வாட்டியும் ஒண்ணு கேக்கணும்னுதான் வருவேன். நாற்காலியில சாஞ்சதும் நீங்க வாய் நிறைய பஞ்சை அடைச்சுடுவீங்க. அப்பால எங்க பேசறது?"

"இப்ப கேளு பவுனு."

சம்பந்தத்தின் புருவம் ஏறியது. "இன்னா மேடம் நடக்குது இங்க?"

பவுனம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் என்னை அடிச்சான்... அது உங்களுக்குத் தெரியும். அதை நாலு பேர் எதிர்ல சொல்லுங்க. அவ்ளோதான் நான் கேக்கறது."

கரீமாவின் கண் தீப்பெட்டிக்குப் போனது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பவுனம்மாள் அருகே வந்தாள். உடைந்த பல் தெரியச் சிரித்தாள்.

"வாயத் தொறங்க டாக்டரம்மா... கொஞ்சந்தான் வலிக்கும்!"