எண்பத்துநாலாயிரம் ஓடிய கார்

செவ்வாய்க்கிழமை காலை கார் புதிதாக மணக்கத் தொடங்கியது.

கோகுலன் அதை முதலில் டாஷ்போட்டில் வைத்த வாசனைப் போத்தலின் வேலை என்றே நினைத்தான். எடுத்துப் பார்த்தால் போத்தல் காய்ந்து கிடந்தது. இருபத்திரண்டு வயதுக் கார். மூன்று லட்சத்து எழுபத்தோராயிரம் கிலோமீற்றர் ஓடிய ஜெர்மன் கார். வாங்கிய அன்று அதற்குள் பழைய சுருட்டும் ஈரச் சாக்கும் யாரோ எப்போதோ கொட்டிய பாலும் சேர்ந்த ஒரு நாற்றம் இருந்தது. அந்த நாற்றத்தைக் காட்டித்தான் விலையைக் குறைத்திருந்தான். இப்போது கொக்குவில் வீட்டு மதிலோரம், வேப்பம்பூ உதிர்ந்த பொனற்றோடு நின்ற அதன் கதவைத் திறந்ததும், அன்றுதான் உறை பிரித்த தோலின் மணம் குளிர்ச்சியாக மூக்கில் ஏறியது.

அவனுக்குப் பயம் வரவில்லை. சந்தோசம் வந்தது. தன்னுடைய பழைய பொருள் புதிதாகிவிட்டால் ஏன் என்று கேட்கிற மனிதன் யாழ்ப்பாணத்தில் இன்னும் பிறக்கவில்லை.

முதல்நாள்தான் அவன் மீற்றரைப் பின்னால் சுற்றியிருந்தான். எல்லாம் பஞ்சலிங்கத்துக்காக. அவர் நெல்லியடியில் இருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சினியர்; அவனுக்கு நிச்சயித்த பிரதீபாவின் தகப்பன். மாப்பிள்ளை என்றால் முதலில் காரைப் பார்ப்பார். கார் என்றால் முதலில் மீற்றரைப் பார்ப்பார். மூன்று லட்சம் ஓடிய கார் என்று கண்டால் மாப்பிள்ளையும் அவ்வளவு ஓடியவன் என்று முடிவுகட்டிவிடுவார். கோகுலனின் சாதகத்திலேயே இரண்டு வயதைக் குறைத்துத்தான் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு நீதி, காருக்கு ஒரு நீதியா?

டவுனில் இந்த வேலைக்கென்றே இருந்த கொலின்ஸ், மடிக்கணினியை டாஷ்போட்டுக்குக் கீழே வயரால் கொழுவிக்கொண்டு கேட்டான்.

"எவ்வளவுக்கு வைப்பம் அண்ணை?"

"எண்பத்திநாலாயிரம்."

"மூண்டு லட்சத்து எழுபத்தொண்டையோ? சனம் நம்பும் அண்ணை. கார் நம்போணுமே."

இருவரும் சிரித்தார்கள். காரை விற்ற கிழவர் லெனாட் மட்டும் திறப்பைக் கொடுக்கும்போது சிரிக்காமல் ஒன்று சொல்லியிருந்தார். "என்ன வேணுமெண்டாலும் செய்யும் தம்பி. மீற்றரிலை மட்டும் கை வைக்காதையும்." கோகுலன் அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டான். வாகனம் விற்கிறவரிடம் நேர்மையைக் கண்டவுடனேயே அவன் பயந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை, சீற்றுத் தோலில் இருந்த வெடிப்புகளைக் காணவில்லை. ஸ்டீயறிங்கில் பல வருடக் கைகள் தேய்த்து வழுவழுப்பாக்கிய இடம் மறுபடி சொரசொரத்தது. கதவுகள் மூடும்போது வந்த தகரச் சத்தம் போய், நனைந்த பஞ்சில் குத்துவதுபோல ஒரு அமுங்கிய ஒலி வந்தது. கார் நம்பிவிட்டது.

வியாழக்கிழமை சாரதி சீற் பின்னால் போயிருந்தது. கோகுலன் ஐந்தடி நாலு அங்குலம். சீற் போயிருந்த தூரத்துக்கு ஆறடிக்கு மேற்பட்ட ஒருவன் இருக்க வேண்டும். இழுத்து முன்னால் விட்டான். கடையில் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்தால், மறுபடி பின்னால். கொக்குவில் புகையிரதக் கடவையில் ரயிலுக்காகக் காத்து நின்றபோது, முன்னால் இருந்த, பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி, ரயிலின் இரைச்சலையும் மீறிக் கேட்ட ஒரு சின்ன முனகலோடு, தானாகவே கீழே சாய்ந்தது. அதில் வீதி தெரியவில்லை. பின்சீற் தெரிந்தது. அதன் இடது மூலை மட்டும் தெரிந்தது. அங்கே ஒருவரும் இல்லை. ஆனால் இருந்து எழும்பிய இடத்தைப்போலத் தோல் பள்ளமாகக் கிடந்தது. ரயில் முழுவதும் கடந்துபோகும் வரை அந்தப் பள்ளம் மேலே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, இடது பின்கதவின் உட்பக்கத்தில் நாலு கீறல்கள் இருந்தன. கைபிடிக்குக் கீழே, ஒன்றுக்கொன்று அருகாக, மேலிருந்து கீழே. பூனை என்று சொல்லிக்கொண்டான். ரியூசன் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடி வந்து பார்த்தால் ஒன்பது. ஒன்பதாவது ஈரமாக இருந்தது. அதன் அடியில் ஏதோ செருகியிருந்தது; காகிதத்தால் கிள்ளி எடுத்தான்.

பாதி நகம். இளஞ்சிவப்பு நகப்பூச்சு. வேரில் சதை.

கொலின்ஸுக்குப் போன் எடுத்தான். பழைய எண்ணுக்கே திருப்பி வை என்றான். "நாளைக்குப் பின்னேரம் வாங்கோ அண்ணை, இண்டைக்குக் கைநிறைய வேலை." லெனாட்டுக்கு எட்டுத் தரம் எடுத்தான். பதில் இல்லை.

நாளைக் காலைதான் கலியாணக் கூறைச் சேலை எடுக்கப் போகிற நாள். காரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போய் இறங்கலாம். கூறை எடுக்கப் பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை என்ற பெயர் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும். கோகுலன் கீறல்களுக்கு மேல் ஒரு துவாயைத் தொங்கவிட்டான்.

சனிக்கிழமை பத்து மணி வெயிலில், நெல்லியடி வீட்டு வாசலில், பஞ்சலிங்கம் காருக்குள் தலையை விட்டார். பட்டு வேட்டி, தோளில் நீளச் சால்வை. மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை.

"எண்பத்திநாலாயிரத்து இருநூற்றி அஞ்சு," என்று வாய்விட்டு வாசித்தார். "நல்ல கார். வச்சிருந்தவன் பண்பான மனுசன்."

"அப்பா, மீற்றரைக் கலியாணம் கட்டுறது நானில்லை," என்றாள் பின்னால் வந்த பிரதீபா.

"நீர் முன்னுக்கு ஏறுமன்," என்றான் கோகுலன் அவசரமாக. "மாமா பின்னாலை வசதியா இருக்கட்டும்."

பஞ்சலிங்கம் அவனை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். "தாலி ஏறுமட்டும் அவள் பின்னாலைதான் தம்பி. சனம் பாக்கும்."

அவள் இடது மூலையில் ஏறினாள். கதவு அமுங்கிச் சாத்திக்கொண்டது.

"துவாய் ஏன் கதவிலை?"

"வெயிலுக்கு," என்றான் கோகுலன்.

கண்ணாடி முனகியது. அவன் நிமிர்த்தினான். அது மறுபடி சாய்ந்தது. அதில் பிரதீபா சிரித்துக்கொண்டு கைகளை மடியில் வைத்திருந்தாள். நகங்களுக்குப் பூச்சுப் போட்டிருந்தாள். இளஞ்சிவப்பு.

வீடுகள் முடிந்து வல்லை வெளி தொடங்கியது. இருபுறமும் மரமில்லாத உப்புத் தரை, கண்ணைக் கூசவைக்கும் தண்ணீர், சேற்று மணத்தைச் சுமந்துகொண்டு காரைப் பக்கவாட்டில் தள்ளுகிற காற்று. அந்தக் காற்று ஒரு துளியும் உள்ளே வரவில்லை. உள்ளே புதுத் தோல் மணந்தது; அதற்கு அடியில், மெல்ல, இரும்பு மணந்தது. அப்போது போன் அடித்தது. லெனாட்.

"நேற்று எடுத்தனீர் போல."

"ஓம் அண்ணை. கதவிலை..." பக்கத்தில் மாமனார். "கொஞ்சம் கீறல்."

மறுமுனையில் நீண்ட மூச்சு. "மீற்றரைத் தொட்டீரோ?"

"கொஞ்சம்."

"எவ்வளவுக்கு வச்சீர்?"

"எண்பத்திநாலு."

கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது. "இப்ப எவ்வளவு நிக்குது?"

"இருநூற்றி ஏழு."

"பின்னாலை ஆரும் இருக்கினமோ?"

"ஓம்."

"இறக்கும். இருநூற்றிப் பத்துக்கு முதல் இறக்கும். அந்த எண்ணிலைதான் அண்டைக்குக் காரை வச்சிருந்த நெட்டையன்... அந்தப் பிள்ளைக்குக் கதவு திறக்கேல்லைத் தம்பி. கேக்குதோ? கதவு திறக்கேல்லை..."

போன் அணைந்தது.

"ஓடேக்கை போன் கதைக்கப்படாது," என்றார் பஞ்சலிங்கம்.

கோகுலன் ஓரங்கட்டி நிறுத்தினான். மீற்றர் இருநூற்று எட்டு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வசனம் போதும். அந்த வசனத்தில் மீற்றர் இருந்தது, சாதகம் இருந்தது, கலியாணம் இருந்தது.

"சில்லுக் காத்துப் போயிட்டுது போல மாமா. இடப்பக்கம். எல்லாரும் இறங்குவம். பிரதீபா, நீரும் இறங்கும்."

"அவள் ஏன்?" பஞ்சலிங்கம் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டே சொன்னார். "கலியாணத்துக்குப் பதினொரு நாள் கிடக்கு. உந்த வெயிலுக்கை நிண்டு கறுக்கவோ? நீ இரம்மா உள்ளுக்கை."

"இல்லை மாமா, அவ..."

"இரு எண்டன்."

"மாமா, மீற்றர்..."

முன்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சால்வையின் ஒரு தலைப்பு அதற்குள் மாட்டிக்கொண்டது. நாலு பூட்டுகளும் ஒன்றாக விழுந்தன.

வெளியே குனிந்து பார்த்த பஞ்சலிங்கத்தின் குரல் தூரத்தில் கேட்டது. "காத்து நல்லாத்தானே கிடக்கு தம்பி!"

நின்றுகொண்டிருந்த காரின் மீற்றர் இருநூற்று ஒன்பது ஆனது.

கோகுலன் திறப்பை உருவினான். எஞ்சின் நிற்கவில்லை. கதவை இழுத்தான். பூட்டைக் கிள்ளினான். அப்போது சீற் பின்னால் நகரத் தொடங்கியது. அவசரமில்லாமல், பழகிய இடத்துக்குப் போவதுபோல நகர்ந்தது. பெடல்கள் அவனைவிட்டுத் தூரப் போயின.

கால்கள் எட்டின.

அவன் தன் முழங்கால்களைப் பார்த்தான். அவை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. கை எழும்பிக் கண்ணாடியைச் சரிசெய்தது. அவன் அதைத் தூக்கவில்லை. கை தானாக எழும்பியது.

"ஏனப்பா உப்பிடிப் பாக்கிறீங்கள்?" என்றாள் பிரதீபா.

ஓடு என்று சொல்ல நினைத்தான். வாய் சிரித்தது.

கை பெல்ற்றைக் கழற்றியது. உடம்பு திரும்பியது. இரண்டு சீற்றுகளுக்கு நடுவால் போனது. நீளமான உடம்பு. இடம் காணாத உடம்பு. அவள் துவாயைப் பிடித்து இழுத்தாள். துவாய் விழுந்தது. கைபிடியை இழுத்தாள். இழுத்தாள். இழுத்தாள்.

கதவு திறக்கவில்லை.

கீறல்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் நகங்களைக் கண்டுபிடித்தன. நாலு. ஒன்பது. பிறகு எண்ண முடியவில்லை.

வெளியே பஞ்சலிங்கம் சால்வையை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. மற்றத் தலைப்பை மணிக்கட்டில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு பின்கதவுக் கண்ணாடியில் குத்தினார். கண்ணாடி வெடித்தது. வெடிப்பு மூடிக்கொண்டது. மறுபடி குத்தினார். மறுபடி மூடியது. புதுக் கார். அவருடைய கை மட்டும் பழையது, அது மூடவில்லை. சிவந்த சால்வை. சிவந்த கண்ணாடி. அவருடைய வாய் மகளின் பெயரைச் சொன்னது, பிறகு கோகுலனின் பெயரைச் சொன்னது, ஒரு சத்தமும் உள்ளே வரவில்லை.

உள்ளே எல்லாச் சத்தமும் இருந்தது. கோகுலனின் விரல்களுக்குள் ஏதோ சின்னதாக முறிந்தது. ஈர்க்கு முறிவதுபோல. மன்னியும் என்றான் மனதுக்குள். விரல்கள் அடுத்ததைத் தேடின.

பிறகு மீற்றர் இருநூற்றுப் பத்து ஆனது. ஒரு சத்தமும் இல்லை.

உடம்பு முன்னால் வந்து உட்கார்ந்தது. பெல்ற்றைப் போட்டது. இண்டிகேற்றரைப் போட்டது. கார் வீதிக்கு ஏறியது. இடப்பக்கம் வெளியே ஏதோ பாரம் இழுபட்டு, துள்ளி, மறுபடி இழுபட்டது. மணிக்கட்டில் சுற்றியது சுற்றியபடியே.

எதிரே பருத்தித்துறைப் பஸ் வந்தது. உயரத்தில் இருந்த சாரதிக்குக் காரின் கூரைக்கு அப்பால் படபடக்கும் துணி தெரிந்திருக்க வேண்டும். லைற்றை இரண்டுதரம் அடித்து, வேகத்தைக் குறைத்து, யன்னலால் தலையை நீட்டினார். நல்ல மனுசன்.

"அண்ணை! சால்வை! சால்வை கதவுக்கை மாட்டியிருக்கு!"

கோகுலன் அவரைப் பார்த்துக் கத்தினான். முழுப் பலத்தோடு கத்தினான். கை உயர்ந்து, நன்றி என்று அசைந்தது. பல் தெரியச் சிரித்தது முகம்.

பஸ் மெதுவாகக் கடந்தது. யன்னல்களில் இருந்தவர்கள் குனிந்து காருக்குள் பார்த்தார்கள். முதல் யன்னலில் ஒரு வாய் திறந்தது. இரண்டாவதில். மூன்றாவதில் ஒரு பெண் தன் முகத்தைத் தானே பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு யன்னலாக, வரிசை குலையாமல், வாய்கள் திறந்துகொண்டே வந்தன.

கடைசி யன்னலில் தடித்த மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு கிழவர் மட்டும் கண்ணைச் சுருக்கிக் காரின் பின்சீற்றைப் பார்த்தார். பிறகு, அசைத்தவருக்குப் பதில் அசைக்காமல் விடுவது மரியாதையில்லை என்பதுபோல, தானும் கையை உயர்த்தி அசைத்தார்.

கோகுலன் கண்ணாடியைப் பார்த்தான்.

இடது மூலையில், மடிந்து கிடந்த தலைக்கு மேலே, நகமில்லாத ஐந்து விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.