கொள்ளு காய்ந்த ரோட்டில் செம்பருத்தி நிறக் கார்

"ஏனுங்க... ஆரன் அடிச்சா ரோடு காலியாயிருமா? ஏறிப் போங்க!"

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறியபடி கத்தினாள் சுகன்யா.

தொப்பம்பட்டிப் பக்கம் மாசி பிறந்தால் இதுதான் வழக்கம். அறுத்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் டிராக்டரும் அதன்மேல் ஏறிப் போகப் போக நெற்று உடைந்து கொள்ளு உதிரும். சாயங்காலம் கூட்டி அள்ளினால் வேலை முடிந்தது. எந்த டிரைவரும் இதற்காக முகம் சுளித்ததில்லை.

இந்தக் கார் மட்டும் செடிக்கு ஒரு முழம் முன்னால் நின்றுவிட்டது.

அப்போதுதான் அவள் அதை ஒழுங்காகப் பார்த்தாள். அம்மாடியோவ்... இப்படியும் ஒரு கார் உண்டா! செம்பருத்தி நிறம். அவள் முழங்காலைத் தாண்டாத மூக்கு. இடுப்பு உயரத்தில் கூரை. ஓரத்துப் பனைமரமும், மேகமும், வாயைப் பிளந்து நிற்கும் அவளும் அதன் உடம்பில் அப்படியே தெரிந்தார்கள். சும்மா நிற்கும்போதே உறுமியது. அந்த உறுமல் அவள் செருப்பு வழியாக ஏறி நெஞ்சு வரை வந்தது. முன்னால் வைத்திருந்த சந்தனப் பொட்டு இன்னும் கலையவில்லை.

கதவு பக்கவாட்டில் திறக்கவில்லை... மேலே எழுந்தது!

அதற்குள்ளிருந்து ஓர் ஆள் காலை நீட்டி, குனிந்து, தலையில் ஒருமுறை இடித்துக்கொண்டு, ஒருவழியாக வெளியே வந்தான். சுகன்யாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிங்க, சிரிங்க..." தலையைத் தேய்த்துக்கொண்டே அவனும் சிரித்தான். "காலையிலதான் கோயமுத்தூர்ல வண்டி எடுத்தேன். இன்னும் இறங்கப் பழகல."

பெயர் சுருளிவேல். திண்டுக்கல்லில் முருங்கைப் பொடி ஏற்றுமதி செய்பவன். பெரிய ரோட்டில் பாலம் வேலை நடக்கிறது என்று இந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள்.

"அப்பறம் எதுக்குங்க நிக்கறீங்க? ஏறிப் போங்க."

"முடியாதுங்க. இது வயிறு தரையோட தரையா இருக்கிற வண்டி. செடி அடியில சுத்துச்சுன்னா என்ஜின் சூட்டுக்குப் பத்திக்கிரும்."

"இம்மாம் பெரிய கம்பெனிக்காரங்க ஒரு கொள்ளுச் செடிக்கு வழி பண்ணலீங்களா?"

"இந்த வண்டி செஞ்ச இத்தாலியில ரோட்டுல கொள்ளு காயப்போட மாட்டாங்க போல..."

உதட்டைக் கடித்து அடக்கினாள். கண்கள் மட்டும் அடங்கவில்லை. எத்தனை பெரிய கண்கள்... சுருளிவேல் ஒரு நொடி எதற்கு இறங்கினோம் என்பதையே மறந்தான்.

கைப்பேசி அடித்தது. ஆரத்தித் தட்டோடு வாசலில் காத்திருக்கும் அம்மா. இந்தா வாரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினான். திருப்பிப் போகலாமென்றால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பள்ளம். அந்த அவசரத்தில்தான் வாயைக் கொடுத்தான்.

"ஒண்ணு பண்ணலாங்க. இதை மொத்தமா நானே வாங்கிக்கிறேன். எம்புட்டுன்னு சொல்லுங்க, குடுத்திர்றேன். பள்ளத்துல தள்ளி விட்டுருங்க."

அவ்வளவுதான். அந்தக் கண்களில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"காரு வாங்குன கையோட எங்க வெள்ளாமையையும் வாங்கிப் பள்ளத்துல தள்ளுவீங்களாக்கும்?" துண்டை இறுக்கிக் கட்டினாள். "மழையில்லாம எங்க மானாவாரிக் காடு காஞ்சு கெடந்துச்சுங்க. வித்துப்போட்டுத் திருப்பூர் போயரலாம்னு எங்கப்பா முடிவே பண்ணிட்டாரு. நாந்தான் காலப் புடிச்சுக் கெஞ்சி, ஒரே ஒரு வெள்ளாமை நானா பாக்கறேன்னு கேட்டு வாங்குனேன். இது நல்லபடியா ஊடு வந்து சேந்தா காடு எங்களுது. இல்லீன்னா வேற ஆருக்கோ. இதுக்கு என்னங்க வெலை போடுவீங்க?"

சுருளிவேலுக்குச் சுருக்கென்றது. யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"தப்புத்தாங்க... பெரிய தப்பு. நீங்க அள்ளி முடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன்."

என்ஜினை அணைத்துவிட்டு ரோட்டோரக் கல்லில் போய் உட்கார்ந்துவிட்டான். சட்டையெல்லாம் புழுதி. அதை அவன் கவனிக்கவே இல்லை.

இவனென்ன இப்படி உட்கார்ந்திருக்கிறான்... சண்டைக்கு வந்தாலாவது திட்டலாம். சுகன்யா செடியைப் புரட்டினாள், மறுபடி புரட்டினாள். கடைசியில் மனசு கேட்கவில்லை.

"தொட்டுப் பாக்கட்டுங்களா?"

"தாராளமா..."

விரல் நுனியை மட்டும் வைத்தாள். வழவழவென்று, வெதுவெதுப்பாக, கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி இருந்தது. மனுசன் கை இப்படியெல்லாம்கூட ஒன்றைச் செய்யுமா என்று மலைத்துப் போனாள்.

"காலேஜ் படிக்கிறப்பலேருந்து இதே நெனப்புங்க," என்றான் அவன் மெதுவாக. "இதைவிட அழகா உலகத்துல எதுவுமே கிடையாதுன்னு இருந்தேன்..."

இருந்தேன் என்கிறானே... என்று அவள் நிமிர்ந்தபோது அவன் காரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சொட்.

அவள் நெற்றியில் ஒரு துளி. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. மாசியில் மழையா!

"ஐயோ... என்ற கொள்ளு!"

நனைந்தால் முளைவிட்டு எல்லாம் வீண். செடியை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடினாள். மூடத் தார்ப்பாய்கூடக் கொண்டுவரவில்லை. இரண்டு கையால் எத்தனையைக் காப்பது? அழுகை முட்டியது.

சுருளிவேல் காரின் முன்பக்க டிக்கியைத் திறந்தான். காரோடு சேர்ந்து வந்த மழை உறை, மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரே இழுப்பில் இழுத்தான்.

"ஒரே குவியலாக் கூட்டுங்க! வேகமா!"

"அது உங்க காருக்கு..."

"கூட்டுங்கன்னா!"

அவள் கூட்டினாள், அவன் மண்டி போட்டு அள்ளினான். உறையின் பாதியில் குவியலைப் போட்டு, மீதியை மேலே மூடி, நாலு மூலையிலும் கல் வைத்து, காற்றில் தூக்கிய ஓரத்தில் அவனே ஏறி உட்கார்ந்தான். எதிர் ஓரத்தில் அவள். மழை கொட்டித் தீர்த்தது. அவள் இமையில் துளிகள் தொங்கின... அவன் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். அந்தப் பக்கம் காரின் சந்தனமும் குங்குமமும் கரைந்து ஓடின. திறந்து கிடந்த கதவு வழியாகத் தண்ணீர் இருக்கையெல்லாம் நனைத்தது. இருவருக்கும் அது தெரியவே இல்லை.

மழை ஓய்ந்தபோது மொபெட்டில் வந்து நின்றார் அவள் அப்பா சென்னியப்பன். ஓர் அந்நியன், ஒரு கார், நடுவில் மகள்.

"ஆருங்க நீங்க?"

சுகன்யா நடந்ததைச் சொன்னாள். அவர் உறையைத் தூக்கி ஒரு பிடி கொள்ளை அள்ளினார். ஊதினார். கையை விட்டு அடிவரை துழாவினார். ஈரமே இல்லை.

"ஒத்தாசைக்கு நன்றிங்க. வழி காலியாயிருச்சு, கெளம்புங்க." பிறகு மகளிடம், அவனுக்கும் கேட்கும்படி, "பெரிய எடத்து ஆளுக, கண்ணு. பாக்கறதோட நிறுத்திக்கோணும்."

சுருளிவேலின் முகம் சிவந்தது. தலையாட்டிவிட்டுப் போய்க் காரில் ஏறினான். உறுமல் தேய்ந்து தேய்ந்து போனது. போகட்டும்... யாரோ, எவரோ. விளக்குமாற்றைப் பிடித்த சுகன்யாவின் கை ஏனோ ஓடவில்லை.

திடீரென்று உறுமல் நின்றது. வளைவில் ஓர் உருவம், சேறு மிதித்து நடந்து வந்தது.

"உறைய மறந்துட்டீங்களா?" என்றார் சென்னியப்பன்.

"அது கிடக்கட்டும் ஐயா. செத்த நேரம் நான் சொல்றதைக் கேளுங்க." மூச்சு வாங்கியது அவனுக்கு. "அம்புட்டு வருசமா ஆசைப்பட்ட கார். மழையில கதவு திறந்தே கிடந்திருக்கு, எனக்கு அந்த நெனப்பே வரல. ஈர சீட்டுல உக்காந்தப்பத்தான் தெரிஞ்சுச்சு, என் மனசு இங்கேயே நின்னுருச்சுன்னு. ஒங்க பொண்ணைக் கட்டிக்க ஆசைப்படுறேன். எங்கம்மாவைக் கூட்டிட்டு முறைப்படி வந்து கேக்கட்டுங்களா?"

சென்னியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். முழங்கால் வரை சேறு.

"என்ற புள்ள காட்டை உட்டுப்போட்டு எங்கீம் வரமாட்டா, தம்பி."

சுகன்யா விருட்டென்று திரும்பினாள். காடு... காட்டை விற்கவில்லை! அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல் கொள்ளை அள்ளிக்கொண்டிருந்தார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"அவுங்க வரவேணாம் ஐயா," என்றான் சுருளிவேல். "நான் வாரேன்."

பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சாக்கு எடுக்க மொபெட் பக்கம் போனார். சாக்கு கிடைக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது.

"ஏனுங்க..." சுகன்யா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தலை நிமிரவில்லை. "உங்க காரு ரொம்ப அழகுங்க. அப்படியே மலைச்சுப் போயிட்டனுங்க..."

"ம்..."

"ஆனா நீங்க அதுலருந்து எறங்குனீங்க பாருங்க... அப்பவே நான் காரைப் பாக்கறதை உட்டுட்டனுங்க."