சாதியாவின் சிவப்பு எழுத்து

சாதியாவுக்கு மதியச் சோறு இறங்கவில்லை. போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ட்யூஷன் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை கோளரங்கம் போகிறார்கள். பெயர் கொடுக்க இணையத்தில் ஒரு படிவம் செய்யும் வேலையைப் பிரபாவதி மிஸ் அவளிடம் ஒப்படைத்திருந்தார். மாலை ஆறு மணியோடு பதிவு முடிகிறது. உயிர்த்தோழி வந்தனாவின் பெயரை இன்னும் காணோம்.

வந்தனாவுக்கு நட்சத்திரங்கள் என்றால் பைத்தியம். இரண்டு தகரக் கூரைகளுக்கு நடுவே தெரியும் துண்டு வானத்தில் வருகிற நட்சத்திரங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருக்கிறாள். அவளா வராமல் இருப்பாள்?

"காக்கா, என் ஃபார்ம்ல ஏதோ கோளாறு" என்றாள் சாதியா.

தோல் பை தைத்துக்கொண்டிருந்த அண்ணன் பைசான் சிரித்தான். "கண்ட ரூலையும் டிக் பண்ணி வச்சிருக்கியே. மந்திரி வந்தாலும் உன் கேட்டைத் தாண்ட முடியாது."

உண்மைதான். டிக் செய்தால் போதும், மீதியைச் செயலி பார்த்துக்கொள்ளும். அது அவ்வளவு சுலபமாக இருந்ததால் சாதியா எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டாள். பெயர் கட்டாயம். போன் நம்பரில் பத்து இலக்கம். ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது. மீறினால் சிவப்பு எழுத்தில் 'தவறு!'

ஐந்து மணி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் வந்தனா வீட்டுக்கு ஓடினாள். வந்தனா வாசற்படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி, ஏன் பேரு குடுக்கல?"

"குடுத்தேன். தவறுன்னு வந்துச்சு. என்னைச் சேத்துக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்."

"லூசு! இந்தா, என் முன்னால போடு."

வந்தனா பெயரைப் போட்டாள். நம்பரைப் போட்டாள். சிவப்பு.

சாதியா நம்பரை எண்ணிப் பார்த்தாள். பத்து இலக்கமும் சரியாகத்தானே இருக்கிறது?

வந்தனாவின் தம்பி சொரிமுத்து எட்டிப் பார்த்தான். "எனக்குக் காலையிலேயே பச்சை டிக் வந்துட்டே!"

"எந்த நம்பர்லே போட்ட?"

"அம்மா நம்பர்தான். வீட்டுக்கு ஒரே போன்தான சாதியாக்கா?"

சாதியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தச் சந்தில் பாதி வீடுகளில் அப்படித்தான்! அங்கெல்லாம் இரண்டாவது பிள்ளைக்கு 'தவறு!' என்று சொல்லியிருக்கிறாள்.

மணி ஐந்தரை. 'ஒரே நம்பர் இரண்டு முறை வரக்கூடாது' என்ற டிக்கை எடுத்தாள். பெயரும் நம்பரும் இரண்டுமே முன்பு வந்ததாக இருந்தால் மட்டும் தடுக்கும்படி மாற்றினாள். 'தவறு!' என்பதை அழித்துவிட்டு, யோசித்து யோசித்து வேறொன்றை எழுதினாள்.

சொரிமுத்து போனைப் பிடுங்கித் தன் பெயரையே மறுபடி போட்டான். திரை சொன்னது: 'நீங்கள் முன்பே சேர்ந்துவிட்டீர்கள். உங்கள் இடம் பத்திரம்.'

"சே, ரெண்டு சீட்டு கிடைக்கும்னு பாத்தேன்!"

வந்தனா போட்டாள். பச்சை.

சாதியா மற்ற வீடுகளுக்கும் செய்தி அனுப்பினாள். டிங். டிங். டிங். தங்கைகளும் தம்பிகளும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போதே சாதியா கத்தினாள்: "உம்மா, பசி உயிர் போகுது!"