குழந்தை வந்த தேதி என்ன?

போன் அலறியது.

ஐனாரின் கையிலிருந்த காபி மேஜையில் சிந்தியது. இரண்டு வருடமாக எந்தச் சத்தம் கேட்டாலும் அவனுக்கு இப்படித்தான்.

"ஹலோ..."

"சிக்ரித் இருக்காளா?"

சிக்ரித்! அவனை விவாகரத்து செய்துவிட்டு, மகளோடு தனியே போனவள். வின்னிபெக் ஏரியின் அடியில், மீன் வலையில் சுற்றி, கல்லைக் கட்டி, அவனே இறக்கிவிட்டு வந்தவள்!

"யா... யாரு?"

"டோரீன். சலூன் பக்கத்துல டாக்ஸ் ஆபீஸ். அவ ஃபைல்ல இந்தப் பழைய நம்பர்தான் இருக்கு. மூணு மார்ச்சா அவ வரிக் கணக்கு குடுக்க வரலையே?"

"அவ ஓடிப்போயிட்டா. கிம்லி ஊருக்கே தெரியுமே!"

"எவனோ லாரிக்காரனோடன்னு சொன்னாங்க. அப்போ குழந்தை?"

"ஃப்ரேயா என்கிட்டதான். கோர்ட்டே குடுத்துடுச்சு."

"குழந்தைக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்கிற பணம்?"

"அது அம்மாவுக்குத்தானே?"

"அட மக்கு! கஸ்டடி மாறினா அப்பாவுக்குடா! விட்டுப்போன ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்தே கேக்கலாம். இருக்கிற பேப்பரையெல்லாம் அள்ளிக்கிட்டு வா."

போகாதே என்றது மனசு. இரண்டு வருடப் பணமாயிற்றே என்றது மனசின் இன்னொரு மூலை.

வெளியே ஏரி நீளமாக முனகியது.

"அப்பா..." ஆறு வயது ஃப்ரேயா ஜன்னலோரம் நின்றாள். "அம்மாவுக்குக் குளிருமா?"

தினமும் இதே கேள்வி. ஏரியைப் பற்றி அவளிடம் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனாலும் ஏரியைப் பார்த்தபடிதான் கேட்கிறாள்!

"அது ஐஸ் விரியற சத்தம்டா. கோட்டைப் போடு... சலூன்ல உக்காந்திரு, அப்பா வந்துடறேன்."

மீன்பிடிக்கிறவன் மீன் சாப்பிட்டு இரண்டு வருடம் ஆகிறது. விளக்கை அணைத்துத் தூங்கியும் அதே இரண்டு வருடம். கண்ணை மூடினால் வலைக்குள்ளிருந்து அவள் பார்க்கிறாள்... பயத்தில் அவன் பாதியாக இளைத்திருந்தான்.

டோரீனுக்கு அறுபது வயது. மூக்கு நுனியில் கண்ணாடி.

"உக்காரு. குழந்தை உன்கிட்ட வந்த தேதி என்ன?"

போலீசிடமும் கோர்ட்டிலும் சத்தியம் பண்ணிச் சொன்ன தேதி வாயிலேயே இருந்தது.

"நவம்பர் மூணு. சாயங்காலம் சிக்ரித் வந்தா. குழந்தையை விட்டுட்டு, ஒரு சிவப்பு லாரில ஏறிப் போயிட்டா."

"அடடா... மூணா?" டோரீன் பேனாவை வைத்தாள். "மாசம் பொறக்கும்போது குழந்தை யார்கிட்ட இருக்கோ, அந்த மாசப் பணம் அவங்களுக்குத்தான். நவம்பர் போச்சு. டிசம்பர்லேர்ந்துதான் கிடைக்கும்."

"எவ்வளவு போகும்?"

"ஐந்நூறு டாலருக்கு மேல. ரெண்டே நாள்ல கோட்டை விட்டியே!"

ஐனாரின் வயிறு எரிந்தது. வரி ஆபீசும் போலீசும் என்ன, சம்பந்தியா? உட்கார்ந்து பேசிக்கொள்ளவா போகிறார்கள்?

"இருங்க... இப்பத்தான் ஞாபகம் வருது. அக்டோபர் முப்பத்தொண்ணு. ஹாலோவீன் ராத்திரி. பூசணிக்கா வேஷத்துல இருந்தா ஃப்ரேயா."

"வாய்வார்த்தை போதாதே. ஆதாரம்?"

அவன் கொண்டுவந்த ஃபைலைக் குடைந்து ஒரு காகிதத்தை எடுத்தான். பெருமையாக நீட்டினான்.

செல்கிர்க் ஊரில் குழந்தை பார்த்துக்கொள்ளும் பெண் கொடுத்த ரசீது. நவம்பர் ஒன்று, இரண்டு. ஐனாரின் பெயர். பணம் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து.

"ரசீதை எல்லாம் வச்சிருக்கியே!"

"வரில கழிக்கலாம்னு சொன்னாங்க..."

"கெட்டிக்காரன்! அக்டோபர் முப்பத்தொண்ணுன்னு எழுதிட்டேன், இங்க ஒரு கையெழுத்துப் போடு."

போட்டான்.

டோரீன் கண்ணாடியைக் கழற்றினாள். பின் அறைப் பக்கம் திரும்பினாள்.

"வாம்மா. மை காயறதுக்குள்ள பாத்துக்கோ."

கதவு திறந்தது. சீருடையில் கான்ஸ்டபிள் ப்ரூடன்!

"ரெண்டு வருஷம் முன்னாடி என்கிட்ட என்ன சொன்னீங்க ஐனார்? நவம்பர் ஒண்ணும் ரெண்டும் ஏரில தனியா மீன் பிடிச்சேன்... மூணாம் தேதிதான் சிக்ரித் குழந்தையைக் கொண்டு வந்தாள்னு!"

"அ... ஆமா..."

"குழந்தை ஏற்கெனவே உங்ககிட்ட இருக்கு. அப்போ மூணாம் தேதி எந்தக் குழந்தையைக் கூட்டிக்கிட்டு, எந்த சிக்ரித் வந்தா?"

ஐனார் டோரீனைப் பார்த்தான். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"அவ ஊரை விட்டுப் போவாடா. உன்னை விட்டும் போவா. ஆனா மக பணத்துல ஒரு டாலரை விட்டுட்டுப் போகமாட்டா. வருஷா வருஷம் முதல் ஆளா வந்து, எனக்குக் கேக்கும் குடுத்துட்டுக் கணக்கு குடுத்தவ... மூணாவது மார்ச்சும் வரலன்னதும் புரிஞ்சுபோச்சு, அவ உயிரோட இல்லன்னு. நேரா ப்ரூடன்கிட்ட போனேன். அப்புறம்தான் உனக்கு போன் பண்ணேன்."

தூரத்தில் ஏரி முனகியது. ஐனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"நிறுத்தச் சொல்லுங்க... அவளை நிறுத்தச் சொல்லுங்க! படகுத்துறைக்கு வடக்கே... வலையில கல்லோட..."

சொன்னதும் உடம்பு லேசானது. இன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கலாம் என்று நினைத்தான். பாவி, அதற்கு இவ்வளவு நாளா!

டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு புதுப் படிவத்தை எடுத்தாள். குழந்தையின் பொறுப்பாளர் என்ற இடத்தில் சிக்ரித்தின் அக்கா ப்ரின்யாவின் பெயரை எழுதினாள்.

ப்ரூடன் விலங்கைப் பூட்டினாள்.

"நானும் பதினாலு வருஷமா இந்த வேலையில இருக்கேன் ஐனார். வரிப் படிவத்துல பொய் எழுதி மாட்டினவங்களை நிறையப் பார்த்துட்டேன்... உண்மையை எழுதி மாட்டின ஒரே ஆள் நீங்கதான்!"