மொட்டைக்கரட்டின் இரண்டாம் சாவி

இண்டூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது காலை பத்து மணி. என் கையில் ஒரு சாக்குப் பை. அதற்குள் நானே லேத்தில் கடைந்த எஃகு முளை ஒன்று இருந்தது. ஒரு முழ நீளம், இரண்டு அங்குலப் பருமன். கூடவே என் தங்கை ஷகிலாவின் கணவன் தஸ்தகீர், தோளில் ஸ்பானர் பையோடு நடந்து வந்தான்.

ஷகிலாவுக்கு அப்போது ஐந்து மாதம். புறப்படும்போது அவனிடம் ஒன்றும் சொல்லாமல் என் சட்டையைத்தான் பிடித்தாள்.

"அவரை மேல ஏத்தாதீங்கண்ணே. அந்த மிஷின் ஒரு ஆளைத் தின்னுடுச்சி."

"இந்த முளையைப் போட்டுட்டா அப்புறம் அது அசையாதும்மா. நான் கூட இருக்கேன்ல" என்றேன்.

1987, புரட்டாசி மாதம். இண்டூரைத் தாண்டி மேற்கே மொட்டைக்கரடு என்று ஒரு குன்று. மரம் கிடையாது, பாறையும் காய்ந்த புல்லும்தான். அதன் தலையில் ஒரு கம்பெனி காற்றாலை ஒன்றை நிறுத்தியிருந்தது. ஒரு வருஷம் அது நன்றாக ஓடிக் காட்டினால், கரடு நெடுக இன்னும் நாற்பது நிறுத்துவதாகத் திட்டம். தர்மபுரியில் லேத் பட்டறை வைத்திருந்த எனக்கு அந்த நாற்பதின் மேல் பெரிய ஆசை. இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றால் எனக்குப் பசி தெரியாது.

அது எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது.

எழுபது அடி இரும்புக் கோபுரம். உச்சியில் ஒரு மாட்டுவண்டி அளவுக்குப் பெட்டி. பெட்டியின் முன்னால் மூன்று இறக்கைகள், ஒவ்வொன்றும் இருபத்தைந்து அடி. இறக்கை சுற்றினால் பெட்டிக்குள் தண்டு சுற்றும், கியர்பாக்ஸ் அதை வேகமாக்கும், ஜெனரேட்டர் கரண்ட் எடுக்கும். ஓட விடுவது சுலபம். நிறுத்துவதில்தான் அறிவு இருக்கிறது. சைக்கிள் பிரேக்கை நாம் பிடித்தால்தான் அது பிடிக்கும். இதில் நேர் எதிர். கனத்த ஸ்பிரிங் ஒன்று பிரேக்கை எப்போதும் பிடித்தே வைத்திருக்கும். கீழே மெயின் சுவிட்சைப் போட்டால் எண்ணெய் அழுத்தம் ஏறி ஸ்பிரிங்கைத் தள்ளும். அப்போதுதான் பிரேக் விடும். கரண்ட் போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே ஒரு விதி வைத்தார்கள். மேலே ஏறுகிறவன் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் உடம்போடு எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரே பூட்டு, ஒரே சாவி. அவன் இறங்கி வராமல் யாராலும் ஓட்ட முடியாது.

ஏறுகிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் தஸ்தகீர். இன்னொருவர் அடிவாரத்துக்காரர் பச்சியப்பன். அவர் சாவியைத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொள்வார். மாடு கட்டும் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். தஸ்தகீர் ஏறும் நாளில் அவரே ஒரு கறுப்புக் கயிறு எடுத்து, இவன் இடுப்பைச் சுற்றிச் சாவியைக் கட்டி, முதுகில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"இனி உன் முறை பாய்."

ஆனியில் பச்சியப்பன் பூட்டைத் திறக்காமலே ஒரு கல்யாணத்துக்குச் சாவியோடு போய்விட்டார். இரண்டு நாள் நல்ல காற்று வீணாகிவிட்டது. இன்ஜினியர் வெங்கடாசலம் என் பட்டறைக்கு வந்து, பச்சை சோப்பில் பதித்த சாவி அச்சு ஒன்றை மேசையில் வைத்தார்.

எதற்கென்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அரத்தை எடுத்தேன். மூன்றாவது பல்லைக் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்துவிட்டேன். ஆனாலும் பூட்டு திறந்தது.

ஆடி பதினொன்றாம் தேதி பச்சியப்பன் கிரீஸ் வைக்க ஏறினார். கரட்டின் மேல் மேகம் இறங்கிக் கோபுரத்தின் பாதிக்கு மேல் மறைந்தது. அவர் எப்போதோ இறங்கிவிட்டார் என்று நினைத்து வெங்கடாசலம் இரண்டாம் சாவியால் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார்.

அவர் இடுப்புக் கயிறு, தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கில் சிக்கியது. இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு.

அவரை இரண்டு சாக்கில் இறக்கினார்கள். அவர் இடுப்புக் கயிறும் சாவியும் மட்டும் கிடைக்கவேயில்லை. பூட்டாமல் ஏறிவிட்டார், அவர் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த முளை. தண்டோடு சுற்றும் பிரேக் தட்டில் ஒரு துளை, அசையாத சட்டத்தில் ஒரு துளை. இரண்டையும் நேராக்கி முளையைச் செருகினால் எந்தப் புயலும் தண்டைச் சுற்ற முடியாது.

கரட்டின் மேல் ஏறியபோது காற்றே இல்லை. புல் நுனிகூட ஆடவில்லை. கோபுரத்துக்குப் பக்கத்தில் காற்றின் வேகம் அளக்கும் கம்பம் ஒன்று உண்டு. அதன் உச்சியில் காற்றுக்குச் சுழலும் மூன்று கிண்ணங்களும் செத்துக் கிடந்தன. கிரீஸ் நாற்றம். அதற்கு அடியில் கறிக்கடை நாற்றம்போல் இன்னொன்று.

காவல் கொட்டகை வாசலில் தீர்த்தம்மாள் உட்கார்ந்திருந்தார். பச்சியப்பனின் மனைவி. புருஷனுக்குப் பதிலாகக் கம்பெனி கொடுத்த வேலை.

"வாங்க பாய். எங்கூட்டுக்காரரு இன்னும் எறங்கலீங்க" என்றார், அவர் ஏதோ கடைக்குப் போயிருப்பதைப்போல.

தஸ்தகீர் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பூட்டு ஒடையலீங்க. சாவி அவரு இடுப்புல. பின்ன எதால தொறந்தாங்க பாய்? நீங்க இரும்பு வேல செய்யறவரு, சொல்லுங்க."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஜீப்பிலிருந்து வெங்கடாசலம் இறங்கி வந்தார். "என்ன பாய், மச்சானை ஏத்தறதுக்கு முன்னாடி ஓதிட்டு வந்தீங்களா?"

"நீங்க ஏறுங்க சார், நான் கீழ நின்னு ஓதறேன்" என்றான் தஸ்தகீர். வெங்கடாசலம் சிரித்தார். ஆனால் அவர் கோபுரத்தடிக்கு வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

சுவிட்சை நானே அணைத்தேன். பூட்டைப் போட்டு இழுத்துப் பார்த்தேன். வெங்கடாசலம் நீட்டிய சாவியைத் தஸ்தகீர் வாங்கி ஒரு நைலான் கயிற்றில் கோத்தான். மூன்றாவது பல் ஆழமாக இருந்தது. தீர்த்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது அவரு சாவி இல்லீங்களே" என்றார் மெதுவாக.

தஸ்தகீர் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முளையோடு ஏறினான். அரைமணி நேரம் சுத்தியல் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல்.

"போட்டாச்சு மச்சான்! கல்லாட்டம் நிக்குது!"

எனக்கு உயிர் வந்தது.

அப்போது இறக்கைகள் அசைந்தன.

முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். கிண்ணங்களைப் பார்த்தேன், ஆடவில்லை. சுவிட்சைப் பார்த்தேன், பூட்டு பூட்டியபடியே. கரண்ட் இல்லை, காற்று இல்லை, பிரேக் பிடித்திருக்கிறது, முளை போட்டிருக்கிறது. அது சுற்றுவதற்கு உலகத்தில் ஒரு காரணமும் இல்லை.

சுற்றியது.

மேலே எஃகு ஒடியும் சத்தம். என் முளை இரண்டு துண்டாகி, வெள்ளரிக்காய் நறுக்கியதுபோல் வழவழவென்ற முகத்தோடு, ஒரு பாதி என் காலடியில் வந்து குத்தி நின்றது.

"மச்சான்! கயிறு! கயிறு!"

எழுபது அடியை எப்படி ஏறினேன் என்று தெரியாது. பெட்டிக்குள் தலையை நுழைத்ததும் புகை முகத்தில் அடித்தது. பிரேக் முழு பலத்தோடு தட்டைக் கவ்விப் பிடித்திருந்தது. கவ்விய இடம் சிவக்கக் காய்ந்து தீப்பொறி கொட்டியது. அப்படியும் தண்டு சுற்றிக்கொண்டிருந்தது. வேகமாக இல்லை. செக்குமாடுபோல, நிதானமாக.

நைலான் கயிறு கப்ளிங்கில் ஏறியிருந்தது. தஸ்தகீர் இரண்டு காலையும் சட்டத்தில் உதைத்துக்கொண்டு மல்லாந்து கிடந்தான். கயிறு அவன் வயிற்றைக் கிழித்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. சட்டை முழுக்க ரத்தம். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

கத்தியை எடுத்து அறுத்தேன். கத்தி வழுக்கியது. மறுபடி அறுத்தேன். நைலான் இரும்பாக இருந்தது. அவன் விலா எலும்பு ஒன்று முறிவது என் காதுக்குக் கேட்டது.

கயிற்றின் முடிச்சைப் பார்த்தேன். தஸ்தகீர் போட்டது சாதாரண முடிச்சு. இது மாடு கட்டும் முடிச்சு.

"அண்ணே!" என்று கத்தினேன். "பச்சியப்பண்ணே! சாவி செஞ்சது நானு! இவனுக்கு ஒண்ணும் தெரியாது! நான்தாங்க செஞ்சேன், தெரிஞ்சேதான் செஞ்சேன்! இவனை வுட்டுடுங்க!"

தண்டு நின்றது.

அந்த அமைதியில் எண்ணெய் சொட்டுவது கேட்டது. கத்தியை வைத்ததும் கயிறு நூலாக அறுந்தது. தஸ்தகீரைப் பின்னால் இழுத்துப் போட்டேன். மூச்சு இருந்தது.

அதோடு நான் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

கப்ளிங்கின் போல்ட்டில் கயிற்றின் மிச்சம் சுற்றியிருந்தது. அதில் என் சாவி. கீழே தீர்த்தம்மாள் இருக்கிறார், நான் கத்தியது அவ்வளவு தூரம் கேட்டிருக்காது என்று நினைத்தேன். சாவி மட்டும் இல்லாமல் போனால் எதுவும் தெரியாது. நின்றுவிட்ட இயந்திரம்தானே. வலது கையை நீட்டினேன்.

கால் சுற்று. அவ்வளவுதான் சுற்றியது.

மூன்று விரல்கள். முதலில் வலிக்கவே இல்லை. அவை கப்ளிங்கோடு மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பெட்டி திரும்பியது.

இதையும் சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம் கொடுப்பதற்கு, ஒரு சின்ன மோட்டார் பெட்டியைத் திருப்பும். கரண்ட் இல்லாமல் அது ஒரு விரற்கடைகூடத் திரும்பாது. திரும்பியது. திறப்பு வழியாகப் பார்த்தேன். கீழே வெங்கடாசலம் ஜீப்பை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவர் இடப்பக்கம் ஓடினால் பெட்டி இடப்பக்கம். பாறைக்குப் பின்னால் ஒளிய வலப்பக்கம் திரும்பினால் பெட்டியும் வலப்பக்கம். காற்றைத் தேட வேண்டிய முகம் ஒரு மனிதனைத் தேடியது.

இறக்கைகள் வேகம் எடுத்தன. கோபுரம் முழுவதும் நடுங்கியது. ஒரு இறக்கையின் அடிப் போல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறிப்பதை எண்ண முடிந்தது. பன்னிரண்டு.

இறக்கை பறந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. இறக்கை அவரை மார்பு மட்டத்தில் வாங்கி, ஜீப்பையும் இரண்டாகப் பிளந்துகொண்டு தரையில் இறங்கியது. அவருடைய கால்கள் மட்டும் இரண்டு எட்டு ஓடின.

அதன்பின் எதுவும் அசையவில்லை.

தஸ்தகீர் பிழைத்தான். ஷகிலாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாற்பது காற்றாலையும் வரவில்லை. அந்த ஒன்றையும் பிரித்து இறக்கிக்கொண்டு போனார்கள். பிரித்தவர்களிடம் கேட்டேன். கப்ளிங்கில் சாவி எதுவும் இல்லை என்றார்கள், என்னுடையதும் இல்லை, அவருடையதும் இல்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் நான் கிடந்தபோது தீர்த்தம்மாள் பார்க்க வந்தார். கட்டுப் போட்ட என் கையைப் பார்த்தார். திட்டவில்லை.

"நீங்க கத்துனது கீழ வரைக்கும் கேட்டுச்சிங்க" என்றார். "இனி அவரு எறங்கிடுவாரு பாய்."

எனக்கு அழுகை வந்தது. "மன்னிச்சிட்டாரா அம்மா?"

அவர் யோசித்தார். "அது எனக்குத் தெரியாதுங்க. ஆனா வழக்கம் ஒண்ணு இருக்குல்ல. அடுத்து ஏறறவன் இடுப்புல சாவியைக் கட்டாம அவரு எறங்க மாட்டாரு."

அது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. பட்டறையை விடவில்லை. இரண்டு விரலோடு லேத் ஓட்டப் பழகிக்கொண்டேன். ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. முடிச்சுப் போட முடியாது. செருப்பு வார்கூட ஷகிலாதான் மாட்டிவிடுகிறாள். எங்கள் வீட்டில் யாரும் அரைஞாண் கட்டுகிற வழக்கமும் இல்லை.

இன்று ஆடி பதினொன்று. காலையில் குளிக்கத் தண்ணீரை மோந்து ஊற்றினேன். இடுப்பில் ஏதோ உறுத்தியது.

கறுப்புக் கயிறு. கிரீஸில் ஊறியிருந்தது.

அவிழ்க்கப் பார்த்தேன், இறுகியது. அதில் ஒரு சாவி தொங்கியது. மூன்றாவது பல்லை விரலால் தடவிப் பார்த்தேன்.

சரியான ஆழம்.

ஈர முதுகில் யாரோ ஒரு தட்டுத் தட்டினார்கள். தெருப்பக்கம், பூட்டிக் கிடந்த என் பட்டறைக்குள், லேத் மெதுவாகச் சுற்றத் தொடங்கியது.